கொழுந்து போகும் வழியிலே எத்தனை வேலி?



கொஞ்ச நாளைக்கு முன் ஒரு பின்னேரம் நாம் கொழுந்து மடுவத்தில் நின்றுகொண்டிருந்தோம். அந்திக் கொழுந்து நிறுத்து முடியும் நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எம்மிடம் வந்தார்.

"ஐயா, கோத்தகிரியில இருக்கிற எங்க சின்னம்மா மக நேத்து போன்ல பேசிச்சு. அங்க கால் ஏக்கர் தேயிலை வச்சிருக்கு. சிலோன் தேயிலை அங்க வந்து எறங்குறதாலதான் அவுங்க கொழுந்துக்கு வெலை இல்லையாம். இங்க கேட்டா, ஏலத்துல தேயிலைக்கு வெலை இல்லேங்கிறாங்க. அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அப்ப நடுவுல அது எங்கதான் போகுது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. நலன்புரி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாமல் போனது வெட்கமாகவும் இருந்தது. "விசாரிச்சு எழுதுறோம் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. இது கொஞ்சம் நீளமானது. லயத்தில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உரக்க வாசித்தால் பெரியவர்களும் கேட்கலாம்.

வேலி என்றால் என்ன?

நம்மில் பலர் லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் போடுகிறோம். மாடு வராமல் இருக்க வேலி கட்டுகிறோம். வேலி நல்ல காரியந்தான். ஆனால் நமது பாத்திக்குள் தண்ணீர் நிற்காமல் இருக்க கரை உயர்த்திக் கட்டினால், அந்த மழைத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுப் பாத்திக்குத்தான் போகும். நமக்குப் பாதுகாப்பு, பக்கத்து வீட்டுக்கு வெள்ளம்.

நாடுகளும் இப்படித்தான் தமது விவசாயிகளைச் சுற்றி வேலி கட்டுகின்றன. அந்த வேலியில் மூன்று வகை உண்டு. முதலாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு இறக்குமதி வரி போடுவது. இரண்டாவது, தன் நாட்டு விவசாயிக்கு அரசாங்கமே பணம் கொடுத்துத் தாங்குவது. இதை மானியம் என்கிறோம். மூன்றாவது, பூச்சி, மருந்து, சுகாதாரம் என்று சட்டம் வைத்து, அந்தச் சட்டத்துக்குப் பொருந்தாத பொருளைத் திருப்பி அனுப்புவது.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு கிண்டும் காலம் வந்தால், வெளிநாட்டுக் கிழங்குக்கு அரசாங்கம் வரியைக் கூட்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி 'விசேட வியாபாரப் பண்ட அறவீடு' என்ற பெயரில் கிழங்கு, பெரிய வெங்காயம், சீனி, பருப்பு போன்றவற்றுக்கு இவ்வாறு வரி அறவிட்டு வந்திருக்கிறார்கள். கிழங்கு போட்டவருக்கு அது பிழைப்பு. கடையில் ஒரு கிலோ கிழங்கு வாங்கும் நமக்கோ அது கூடுதல் செலவு. மலையில் வேலை முடிந்து பின்னேரம் கிழங்குத் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் தெரியும். ஒரே வீட்டில் ஒருவர் வேலிக்கு உள்ளேயும் இன்னொருவர் வெளியேயும் இருக்கிறார்.

ஒரே குடும்பம், இரண்டு பக்கம்

இனி அந்த அம்மாவின் தங்கச்சி கதைக்கு வருவோம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதாகவும் இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்தன. நம்மைக் கேட்டு முடிக்கவில்லை. இப்படிக் கப்பலேறிப் போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பிற்பாடு 'டான்டீ' என்ற கூட்டுத்தாபனமானது. இங்கே கொழுந்தெடுத்த கை அங்கேயும் கொழுந்தெடுத்தது.

இன்று அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. வெளிநாட்டுத் தேயிலைக்கு இந்தியா பொதுவாக 100 சதவீத இறக்குமதி வரி போடுகிறது. நூறு ரூபாய்த் தேயிலை உள்ளே போக இன்னுமொரு நூறு ரூபாய் வரி கட்ட வேண்டும். ஆனால் இலங்கைக்கு ஒரு சிறிய கதவு திறந்திருக்கிறது. 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை நமது தேயிலை 7.5 சதவீத வரியோடு இந்தியாவுக்குப் போகலாம்.

அப்படியானால் தங்கச்சி சொன்னது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியா ஆண்டுக்கு ஏறக்குறைய 130 கோடி கிலோ தேயிலை உற்பத்தி செய்கிறது. நமக்குத் திறந்த கதவு முழுவதும் நிரம்பினாலும் அது அங்குள்ள தேயிலையில் நூற்றுக்கு ஒன்று போலத்தான். அந்த ஒன்று கோத்தகிரிக் கொழுந்து விலையைக் கீழே தள்ளிவிடாது. நீலகிரியில் 1990களின் கடைசியில் விலை விழுந்ததற்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. நீலகிரித் தேயிலையை ஏராளமாக வாங்கிவந்த சோவியத் நாடு 1991இல் உடைந்துபோனது ஒன்று. தேயிலை கூடிப்போய், தரம் குறைந்தது இன்னொன்று. ஆனால் விலை விழுந்தவன் கண்ணுக்கு முதலில் தெரிவது வெளியிலிருந்து வரும் மூட்டைதான். அது மனித சுபாவம்.

நாம் மட்டும் வேலி கட்டாமலா இருக்கிறோம்? வெளிநாட்டுத் தேயிலையைத் தாராளமாகக் கொண்டுவந்து இங்கே கலக்க இலங்கையில் அனுமதி இல்லை. தேயிலைச் சபையின் அனுமதியோடு, குறிப்பிட்ட சில வகைகளைத்தான் கொண்டுவரலாம். "டுபாயில் ஒரு தேயிலைச் செடி கிடையாது. அங்கே உலகத்துத் தேயிலையெல்லாம் கொண்டுவந்து கலந்து பொதி செய்து சம்பாதிக்கிறார்கள். நமக்கும் அனுமதி தாருங்கள்" என்று ஏற்றுமதிக்காரர் சிலர் நீண்ட நாளாகக் கேட்கிறார்கள். "மலிவுத் தேயிலை உள்ளே வந்தால் சிலோன் தேயிலை என்ற பெயரும் கெடும், கொழுந்து விலையும் விழும்" என்று சிறுதோட்டக்காரரும் தோட்டத்தாரும் மறுக்கிறார்கள். கோத்தகிரித் தங்கச்சி சிலோன் தேயிலையைப் பற்றிச் சொன்னதை, இங்கே நம்மவர்கள் கென்யத் தேயிலையைப் பற்றிச் சொல்கிறார்கள்.

பெரிய வீட்டு மதில்

இதுவரை சொன்னது ஏழை நாட்டு வேலி. பணக்கார நாடுகள் கட்டியிருப்பது மதில். 2020 முதல் 2022 வரை 54 நாடுகள் தமது விவசாயத்துக்கு ஆண்டொன்றுக்கு 800 பில்லியன் டொலருக்கு மேல் ஆதரவு கொடுத்திருக்கின்றன. அதாவது 80,000 கோடி டொலர். சீனா, இந்தியா போன்ற நாடுகளும் இதில் அடங்கும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்த வழியில் நெடுநாள் பழகியவை.

சீனியைப் பாருங்கள். ஐரோப்பாவில் கரும்பு பெரும்பாலும் விளையாது. பீட்கிழங்கில் இருந்து சீனி எடுக்கிறார்கள். அதற்குச் செலவு கூட. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் தன் விவசாயிக்கு உலகச் சந்தை விலையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலையை உறுதி செய்தது. நல்ல விலை கிடைத்தால் யார்தான் கூடப் பயிரிடமாட்டார்? சீனி மிஞ்சியது. மிஞ்சிய சீனியை மானியம் கொடுத்து வெளிநாட்டுச் சந்தையில் மலிவாகத் தள்ளினார்கள். முன்னே சொன்ன மழைத் தண்ணீர் கதைதான். பிரேசில், அவுஸ்திரேலியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பிலே முறையிட்டன. 2005இல் ஐரோப்பா தோற்றது. 2006இல் சீனிக்கு உறுதி செய்த விலையை 36 சதவீதம் குறைக்கும் திட்டம் தொடங்கியது.

அடுத்தது பருத்தி. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்த மானியத்தால் உலகப் பருத்தி விலை இறங்கியது. பிரேசில் 2002இல் வழக்குப் போட்டு வென்றது. மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் ஏழை நாடுகளான பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கும் 2003இல் சேர்ந்து குரல் கொடுத்தன. பருத்தியை விட்டால் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு வேறு காசு வழி இல்லை. முடிவு என்னவென்றால், 2014இல் அமெரிக்கா பிரேசிலுக்கு 30 கோடி டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த நான்கு நாடுகளுக்கும் அப்படி ஒரு பணம் கிடைக்கவில்லை. பதிலுக்கு அமெரிக்கப் பொருளை மறிக்கப் பிரேசிலுக்குப் பலம் இருந்தது. மாலிக்கு அந்தப் பலம் ஏது?

பஞ்சாயத்து இருக்கிறதா?

லயத்தில் வேலித் தகராறு வந்தால் தலைவரிடம் போவோம், அல்லது துரையிடம் போவோம். நாடுகளுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா? இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1947இல் ஜெனீவாவில் 'காட்' என்ற வர்த்தக ஒப்பந்தம் எழுதப்பட்டது. இலங்கை 1948இலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் விவசாயத்தைப் பெரும்பாலும் தொடாமல் விட்டார்கள். 1955இல் அமெரிக்கா தன் விவசாயத்துக்கு விசேட விலக்கே வாங்கிக்கொண்டது. 1995 ஜனவரி முதலாம் திகதி உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோதுதான் விவசாயத்துக்கும் ஒரு சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்திலும் ஒரு கோணல் உண்டு. ஏற்கனவே அதிக மானியம் கொடுத்து வந்த நாடுகள், அதில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு மிச்சத்தைத் தொடர்ந்து கொடுக்க உரிமை பெற்றன. முன்பு கொடுக்க வசதியில்லாத நாடுகளுக்கு ஒரு சிறிய எல்லையே கிடைத்தது. நேற்று அதிகம் சாப்பிட்டவனுக்கு இன்றும் அதிகம் என்று எழுதி வைத்த மாதிரி. இருந்தாலும் அந்த அமைப்பால் பிரயோசனமே இல்லை என்று சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் நைரோபியில் கூடிய மாநாட்டில், விவசாயப் பொருள் ஏற்றுமதிக்குக் கொடுக்கும் மானியத்தை நிறுத்துவது என்று நாடுகள் ஒத்துக்கொண்டன. சிறிய நாட்டுக்கு எழுதி வைத்த சட்டந்தான் துணை.

ஆனால் அந்தப் பஞ்சாயத்தும் இப்போது முடங்கிக் கிடக்கிறது. நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால், 2019 டிசம்பரிலிருந்து அதன் மேன்முறையீட்டுச் சபை இயங்கவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பின் ஓகஸ்டில் அதை 20 ஆக்கியது. அவ்வாண்டு நவம்பரில் தேயிலை, கோப்பி முதலியவற்றை அந்த வரியிலிருந்து விலக்கியது. தம் நாட்டுக் கடைகளிலேயே விலை ஏறுகிறது என்ற முறைப்பாடு அங்கே எழுந்திருந்தது. எட்டு மாதத்துக்குள் இத்தனை மாற்றம். இதில் எதுவும் நம்மைக் கேட்டு நடக்கவில்லை.

ஒரு வண்டும் ஒரு கூரைத் தகடும்

இப்போது நம் வீட்டுக் கூரைக்கே வந்த கதை ஒன்றைச் சொல்கிறோம்.

2017 டிசம்பரில் இலங்கையிலிருந்து போன தேயிலைப் பொதி ஒன்றில் ரஷ்ய அதிகாரிகள் ஒரு வண்டைக் கண்டார்கள். 'கப்ரா வண்டு' என்று அதற்குப் பெயர். அது தானியக் களஞ்சியத்தில் வாழ்கிற வண்டு. மலையில் கொழுந்தைத் தின்னும் பூச்சி அல்ல. ஆனாலும் டிசம்பர் 18ஆம் திகதி முதல் இலங்கைத் தேயிலை உள்ளே வரக்கூடாது என்று ரஷ்யா நிறுத்திவிட்டது. நமது தேயிலையை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் ஒன்று அது. கொழும்பில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது.

அதே நேரம் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டின் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இலங்கையும் 2018 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக முடிவு செய்திருந்தது. உலகிலேயே அதிகமாக அஸ்பெஸ்டஸ் தோண்டி எடுத்து விற்கும் நாடு ரஷ்யா.

தேயிலை நின்ற சில நாட்களுக்குள் இலங்கை அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளி வைத்தது. டிசம்பர் 30ஆம் திகதி ரஷ்யா தேயிலைக்குக் கதவைத் திறந்தது. பத்திரிகைகள் அப்போதே இரண்டையும் சேர்த்து வைத்து எழுதின.

பூச்சி, நோய் வராமல் தடுக்க ஒரு நாடு சட்டம் போடலாம், ஆனால் அது விஞ்ஞான ஆதாரத்தோடு இருக்க வேண்டும், வியாபாரத்தை மறிக்கும் சாக்காக இருக்கக்கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் சொல்கிறது. ரஷ்யாவும் 2012இல் அந்த அமைப்பில் சேர்ந்த நாடுதான். நாம் வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வழக்கு முடிய வருஷக்கணக்காகும். ஸ்டோரில் தேயிலை அத்தனை நாள் காத்திருக்குமா? நமது அடுப்புத்தான் காத்திருக்குமா? பன்னிரண்டு நாளில் விஷயம் முடிந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு நாளுக்கு நாம் கொடுத்த விலை, நம் பிள்ளைகள் படுத்துறங்கும் கூரையைப் பற்றிய ஒரு நல்ல சட்டம்.

ஆகவே ஒரு வார்த்தை. அஸ்பெஸ்டஸ் கூரை உள்ள வீடுகளில் தகட்டை வாளால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், காய்ந்த நிலையில் தேய்த்துக் கழுவாதீர்கள். உடைந்த துண்டில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். தகடு மாற்ற வேண்டியிருந்தால் முதலில் எம்மிடம் வந்து சொல்லுங்கள்.

இலட்சம் கிலோவில் ஒரு கிராம்

எல்லாச் சுகாதாரச் சட்டத்தையும் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. யப்பான் 2006இல் ஒரு விதி கொண்டுவந்தது. தனியாக அளவு குறிக்கப்படாத எந்த மருந்தும் உணவில் 0.01 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதே அது. அதாவது ஒரு இலட்சம் கிலோ தேயிலையில் ஒரு கிராம். ஐரோப்பாவிலும் இதே மாதிரி விதி உண்டு.

2015இல் நம் நாடு கிளைபொசேட் என்ற புல் மருந்தைத் தடை செய்தது. புல் நிற்குமா? அது வளர்ந்தது. சில இடங்களில் அதற்குப் பதிலாக எம்.சி.பி.ஏ. என்ற மருந்தை அடித்தார்கள். அது தேயிலையில் தங்கியது. 2018 தொடக்கத்தில் யப்பானிய வியாபாரிகள் எச்சரிக்கை அனுப்பினார்கள். அந்த ஆண்டிலேயே தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபொசேட் தடை தளர்த்தப்பட்டது. இங்கே போட்ட ஒரு தடை, யப்பானில் ஒரு கதவை மூடப் பார்த்தது.

இதில் நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. மருந்து அடித்த மலையில், சொன்ன நாள் கழியாமல் கொழுந்தெடுக்கச் சொன்னால் கேள்வி கேளுங்கள். உரப் பையையும் மருந்துப் பையையும் கொழுந்துக்குப் பாவிக்காதீர்கள். கூடினால் நல்லது என்று மருந்தை அளவுக்கு மேல் கலக்காதீர்கள். யப்பான்காரர் ஒரு கோப்பையில் குடிப்பது துளி. மருந்துத் தாங்கியை முதுகில் சுமப்பவர் நாளெல்லாம் அதைச் சுவாசிக்கிறார். அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டிருந்தாலும், ஒழுங்காகக் கடைப்பிடித்தால் முதலில் பிழைப்பது நம்மவர்தான்.

நாம் சுடும் ரொட்டியிலும் இருக்கிறது

நாம் விற்பவர்கள் மட்டுமல்ல, வாங்குபவர்களும் கூட. காலையில் மலைக்குக் கொண்டுபோகும் ரொட்டியின் கோதுமை மா எங்கே விளைந்தது? இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அமெரிக்கா தன் விவசாயிக்கு நல்ல விலை கொடுத்துத் தாங்கியதால் அங்கே கோதுமை மலைபோல் குவிந்தது. 1954இல் 'பி.எல். 480' என்ற சட்டம் போட்டு, அந்த மிச்சக் கோதுமையை ஏழை நாடுகளுக்குச் சலுகையாகவும் உதவியாகவும் அனுப்பினார்கள். இலங்கைக்கும் வந்தது. பஞ்ச காலத்தில் அது பசியைத் தீர்த்தது உண்மை. அதே நேரம் குரக்கன், இறுங்கு தின்ற நாக்கு மாவுக்குப் பழகிவிட்டது.

பழகிய பிறகு கதவு மூடினால் என்ன ஆகும் என்பதை 2022இல் பார்த்தோம். பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கியது. மே 13ஆம் திகதி இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. தன் மக்களுக்கு மா விலை ஏறக்கூடாது என்பதே அதன் காரணம். அது நியாயமான காரணந்தான். ஆனால் டொலர் இல்லாமல் தவித்த நம் நாட்டில் மா விலை எப்படி ஏறியது, எத்தனை வீட்டில் ராத்திரிச் சாப்பாடு குறைந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதே ஆண்டில் உரமில்லாத காரணத்தால் நாட்டின் தேயிலை உற்பத்தியும் 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. முந்திய ஆண்டு அது கிட்டத்தட்ட 30 கோடி. கூடையும் குறைந்தது, மாவும் குறைந்தது.

அந்த அம்மாவுக்குப் பதில்

அம்மா, "நடுவுல எங்க போகுது" என்று கேட்டீர்கள். கொஞ்சம் அரசாங்கங்களின் வரியாகப் போகிறது. இன்னும் கொஞ்சம் வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலையைக் கலந்து, சின்னப் பெட்டியில் போட்டு, பெயர் ஒட்டி விற்பவர்களுக்குப் போகிறது. சில நாடுகள் இதற்காகவே மூட்டைத் தேயிலைக்குக் குறைந்த வரியும், பொதி செய்த தேயிலைக்குக் கூடிய வரியும் வைத்திருக்கின்றன. யப்பானிலும் கறுப்புத் தேயிலைக்கு அப்படித்தான். பொதி செய்யும் வேலை அவர்கள் நாட்டில் நடக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த வேலை இங்கே நடந்தால் நம் பிள்ளைகள் சிலருக்கு உத்தியோகம் கிடைக்கும்.

உங்கள் தங்கச்சி கொழுந்தைப் பறித்து உங்கள் கூடை நிறையவில்லை. உங்கள் தேயிலை போய் அவர் அடுப்பு அணையவுமில்லை. இரண்டு பேரும் வேலியின் அடிவாரத்தில் நிற்பவர்கள். வேலி எவ்வளவு உயரம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

வேலியே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலி இல்லாவிட்டால் வெலிமடைக் கிழங்கும் நிற்காது, கோத்தகிரிக் கொழுந்தும் நிற்காது. வேலி கட்டும்போது பக்கத்து வீட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்க ஓர் இடம் வேண்டும். அங்கே சிறிய நாட்டின் குரலும், அந்த நாட்டுக்குள்ளே கொழுந்தெடுப்பவரின் குரலும் கேட்க வேண்டும். வர்த்தக ஒப்பந்தம் பேசப் போகிறவர்கள் ஏற்றுமதிக்காரரைக் கேட்கிறார்கள், கம்பனிகளைக் கேட்கிறார்கள். தோட்டத் தொழிலாளரைக் கேட்டதாக நாம் அறியவில்லை. உங்கள் தொழிற்சங்கத் தலைவர் அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது, சம்பளக் கதையோடு இதையும் கேளுங்கள்: "தேயிலை ஒப்பந்தம் பேசும்போது எங்க பக்கம் யார் உக்கார்றாங்க?"

கோத்தகிரிக்கு அடுத்த தடவை போன் எடுக்கும்போது இந்தக் கணக்கைத் தங்கச்சிக்கும் சொல்லுங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கை மறந்துவிடாதீர்கள்.